இராமாநுஜரும் ஒரு பேரெண்ணும்

தோற்றுவாய்

எமது ஊராகிய ஊரப்பாக்கம், செங்கற்பட்டு மாவட்டத்தின்கண், வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் இடையே, சென்னையினின்று தெற்கு நோக்கிச் செல்லும் இருப்புப் பாதையின் மருங்கில் அமைந்துள்ளது. முன்னாளில் ஏரியும் வயலுமாய் விளங்கிய இவ்வூர் இந்நாளில் வீடுகள் நெருங்கி மாநகரின் புறம்போல் ஆகிவிட்டது. ஆயினும் மாலைப்பொழுதில் திண்ணையில் அமர்ந்து சிறார்க்குக் கணக்குச் சொல்லித்தரும் வழக்கம் எம் இல்லத்தில் இன்னும் மாறவில்லை.

கணித மேதை சீநிவாச இராமாநுஜரது பிறந்த நாளாகிய திசம்பர் 22, நம் நாட்டில் தேசியக் கணித நாளாகக் கொண்டாடப்பெறுகின்றது. அந்நாளின் மாலையில், அண்டை வீட்டுச் சிறுவர் சிலரை அழைத்து, அறுபது புளியங்கொட்டைகளை அவர்முன் கொட்டி, மிச்சம் இன்றி எத்தனை வகையாகச் சமபங்கு செய்யலாம் என வினவினோம். அவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு எனத் தொடங்கி, பத்து, பன்னிரண்டு, பதினைந்து, இருபது, முப்பது, அறுபது எனப் பன்னிரண்டு வகை கண்டனர். பின்னர் ஒரு கொட்டையை எடுத்து மறைத்து, எஞ்சிய ஐம்பத்தொன்பதையும் அவ்வாறே பங்கிடுமாறு கூறினோம். நெடுநேரம் முயன்றும் ஒருவரே முழுதும் கொள்வதும், ஐம்பத்தொன்பதின்மர் ஒவ்வொன்று கொள்வதும் அன்றி வேறு வழி கண்டாரிலர். ஒரு கொட்டை குறைந்ததனால் பங்கிடும் வழிகள் இத்துணை குறைந்தமை அவர்களுக்கு வியப்பாயிற்று.

அப்பொழுது அவர்களுள் மூத்தவனாகிய ஒரு சிறுவன், தேர்வில் தவறிப் படிப்பை நிறுத்திவிட எண்ணியிருந்தவன், எம்மை நோக்கி ஒரு கேள்வி கேட்டான். இராமாநுஜர் 1729 என்னும் எண்ணின் பெருமையை நொடியில் உரைத்தவர் என்றும், தெய்வ அருள் கைவரப் பெற்றவர் என்றும் பள்ளியில் கூறக் கேட்டுள்ளோம். அருள் பெறாத எம்போல்வார்க்கு அவர் வரலாற்றால் ஆகும் பயன் யாது என்பதே அக்கேள்வி. அதற்கு அன்று யாம் கூறிய விடை நிறைவுடையதாக எமக்கே தோன்றவில்லை. ஆகவே, அப்பெரியாரது வரலாற்றை 1729-இன் வழியாக அன்றி, அவர் கையால் கணித்து எழுதிய வேறொரு பேரெண்ணின் வழியாக ஈண்டு எழுதத் துணிந்தோம்.

பிறப்பும் இளமையும்

இராமாநுஜர் 1887-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 22-ஆம் நாள், தம் தாயைப் பெற்றோர் வாழ்ந்த ஈரோட்டில் பிறந்தார். தந்தையார் சீநிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கராய் இருந்தவர், தாயார் கோமளத்தம்மாள். செல்வம் இல்லாத குடும்பம். இரண்டாம் வயதில் குழந்தையை வைசூரி பற்றியது. தஞ்சை நாட்டில் பல உயிர்களைக் கொண்ட அந்நோய் இக்குழந்தையை விட்டு நீங்கியது நம் நாடு செய்த நற்பேறே ஆகும்.

1897-இல் நடைபெற்ற தொடக்கப் பள்ளித் தேர்வில் மாவட்டத்திலேயே முதன்மை பெற்று, அடுத்த ஆண்டில் கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியிற் சேர்ந்தார். அங்கே பயிலும் நாளில், 1903-ஆம் ஆண்டளவில், கார் என்னும் ஆங்கில ஆசிரியர் தொகுத்த கணித நூல் ஒன்று அவர் கைக்கு எட்டியது. அது சிறந்த நூலென ஆங்கில நாட்டில் மதிக்கப்பெற்றதன்று. தேர்வுக்குப் பயில்வார் பொருட்டு ஏறத்தாழ ஐயாயிரம் முடிவுகளை வரிசைப்படுத்தி, நிறுவும் முறையைப் பெரும்பாலும் சுருக்கியோ விடுத்தோ அமைத்த கையேடு. விடுபட்டவற்றைத் தாமே நிறுவிப் பார்க்கத் தொடங்கிய இராமாநுஜர்க்கு அந்நூலே ஆசானாயிற்று. காகிதம் வாங்கப் பொருள் இன்மையால், கற்பலகையில் எழுதி, முழங்கையால் துடைத்து, இறுதி முடிவை மட்டும் குறிப்பேட்டில் பதிந்து வைப்பது அவர் வழக்கமாயிற்று. பிற்காலத்தார் அவர் குறிப்பேடுகளில் வழியின்றி முடிவுகளே நிற்பதைக் கண்டு, இவை வானின்று இறங்கின எனக் கருதினர். வழி இருந்தது; அது கற்பலகையோடு அழிந்தது என்பதே உண்மைக்கு அணித்தாகும்.

தேர்வில் தவறிய நாட்கள்

1904-இல் மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறிக் கணிதத்திற்குரிய பரிசும் பெற்றுக் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவிச் சம்பளத்துடன் சேர்ந்தார். கணிதம் ஒன்றிலேயே உள்ளம் ஊன்றினமையால் ஆங்கிலப் பாடத்தில் தவறி, உதவிச் சம்பளத்தை இழந்தார். அவ்விழப்பு வறிய குடும்பத்திற்குப் பேரிடி. நாணமும் துயரமும் மேலிட, 1905-இல் ஒருவருக்கும் சொல்லாது வீட்டை விட்டு நீங்கி விசாகப்பட்டினம் சென்றார். மறு ஆண்டு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும் எப்.ஏ. தேர்வில் தவறினார், 1907-இல் தனியே எழுதி மீண்டும் தவறினார். ஆகவே பட்டத்திற்குரிய வாயில் அவருக்கு முற்றும் அடைபட்டது.

இருபது வயதில் பட்டமில்லை, தொழிலில்லை, கையிற் பொருளில்லை. 1909-இல் ஜானகி என்னும் சிறுமியை அவருக்கு மணம் முடித்து வைத்தனர். அதன்பின் குறிப்பேடுகளைக் கையிலேந்தி வேலை தேடி அலைந்தார். கும்பகோணத்தார் சென்னைக்கு வருதற்குரிய இருப்புப் பாதை அந்நாளில் விழுப்புரமும் செங்கற்பட்டும் கடந்து எமது ஊரின் பக்கமாகவே வந்தது. இவ்வழியே சென்ற வண்டிகளில் எத்தனையோ அதிகாரிகளும் வணிகரும் அமர்ந்து சென்றிருப்பர். அவர்கள் பெயரெல்லாம் மறைந்தன. தேர்வில் தவறிய அவ்விளைஞர் பெயரே நின்றது.

உதவிய பெரியோர்

இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவியவரும், திருக்கோவலூரில் டெபுடி கலெக்டராய் இருந்தவருமான வி. இராமசாமி ஐயரை 1910-இல் கண்டு, எழுத்தர் வேலை ஒன்று தருமாறு வேண்டினார். குறிப்பேட்டைப் புரட்டிய ஐயர், இத்தகைய அறிவைத் தம் அலுவலகத்தின் கடைநிலை வேலையில் புதைத்தல் தகாது என்று கருதி, சென்னையில் இருந்த கணித அன்பர்களுக்கு முகங் கொடுத்து அனுப்பினார். அவ்வழியே நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் அறிமுகமாகித் திங்கள்தோறும் 25 ரூபாய் உதவினார். 1911-இல் இராமாநுஜரது முதற் கட்டுரை கணிதக் கழகத்தின் இதழில் வெளிவந்தது.

பிறர் பொருளில் வாழ விரும்பாத இராமாநுஜர், 1912-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராய் அமர்ந்தார். அங்கே நாராயண ஐயரும், தலைவராகிய சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அவரை ஆதரித்தனர். அந்நாளில் சென்னை ஜார்ஜ் டவுனில் இருந்து, 1937-இல் எமது ஊருக்கு அணித்தாகிய தாம்பரத்திற்குப் பெயர்ந்த கிறித்தவக் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் ராஸ் என்பாரும் அவர் அருமையை உணர்ந்தவருள் ஒருவர். போலந்து நாட்டறிஞர் ஒருவர் வெளியிட்ட ஒரு முடிவை இராமாநுஜர் முன்னமே கண்டிருந்தமை அறிந்து வியந்து, இவருக்குப் போலந்து மொழி தெரியுமோ என அப்பேராசிரியர் வினவினார் என்ப.

1913-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரிப் பேரறிஞர் ஹார்டிக்குத் தம் முடிவுகள் பலவற்றை எழுதி ஒரு கடிதம் விடுத்தார். ஹார்டியும் அவர் நண்பர் லிட்டில்வுட்டும் அக்கடிதத்தை ஆராய்ந்து, எழுதியவர் முதல்தரக் கணித வல்லுநரே எனத் தெளிந்தனர். சென்னைப் பல்கலைக்கழகம் பட்டமில்லாத அவருக்குத் திங்கள்தோறும் 75 ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் அளித்தது. பின்னர், சென்னைக்கு விரிவுரையாற்ற வந்த நெவில் என்பாரது முயற்சியால் கடல் கடந்து செல்லவும் இசைந்தார். 1914 மார்ச்சு 17-இல் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி, ஏப்ரல் 14-இல் இலண்டன் சேர்ந்தார். சில திங்கள் கழிந்ததும் ஐரோப்பாவில் பெரும்போர் மூண்டது.

உயர்பகு எண்கள்

அப்போர்க்காலத்தில், 1915-இல், இலண்டன் கணிதக் கழகத்தின் இதழில் அவர் வெளியிட்ட நெடுங்கட்டுரையே எமது பேரெண்ணின் பிறப்பிடம். அதன் பொருளை அன்பர்கள் அஞ்ச வேண்டுவதில்லை; புளியங்கொட்டையைப் பங்கிடத் தெரிந்தவர்க்கு அதன் வாயில் திறந்தே உள்ளது.

ஓர் எண்ணை மிச்சமின்றி வகுக்கும் எண் அதன் காரணி எனப்படும். 60-க்குப் பன்னிரண்டு காரணிகள் உள. 60-இனும் சிறிய எந்த எண்ணுக்கும் பன்னிரண்டு காரணிகள் இல்லை. இங்ஙனம், தன்னினும் சிறிய எண்கள் அனைத்தினும் மிகுந்த காரணிகளையுடைய எண்ணை உயர்பகு எண் என்போம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்பன இவ்வரிசையில் முன்னிற்பன. 72-க்கும் பன்னிரண்டு காரணிகளே. 60-ஐ விஞ்சாமையால் அது வரிசையில் இடம்பெறாது. 120-க்குப் பதினாறு உள, ஆதலின் இடம்பெறும்.

நம் முன்னோர் பெயரறியாமலே இவ்வெண்களைக் கையாண்டு வந்தனர். நாள் ஒன்றுக்கு அறுபது நாழிகை. நாழிகை ஒன்றுக்கு இருபத்துநான்கு நிமிடம். கலம் ஒன்றுக்குப் பன்னிரண்டு மரக்கால். வட்டத்திற்கு முந்நூற்றறுபது பாகை. பங்கிடுவதற்கு எளிதாதலே இவற்றைத் தெரிந்துகொண்டதன் காரணம். கிரேக்க ஞானி பிளேட்டோ, தாம் கருதிய நகரத்தில் 5040 குடும்பங்கள் இருத்தல் வேண்டும் என வகுத்தார். அவ்வெண் ஒன்று முதல் பத்து வரை எல்லா எண்களாலும் வகுபடுவது, அறுபது காரணிகளையுடையது. அதுவும் ஓர் உயர்பகு எண்ணே.

காரணிகளை ஒவ்வொன்றாய் எண்ணாமல் அவற்றின் தொகையைக் காணும் வழியும் உண்டு. 12 என்பது இரண்டு இரண்டுகளும் ஒரு மூன்றும் பெருகியது. ஒரு காரணியை அமைக்கும்போது, இரண்டினை ஒரு முறையும் எடாமலோ, ஒரு முறையோ, இரு முறையோ எடுக்கலாம். ஆக மூன்று வழி. மூன்றினை எடாமலோ எடுத்தோ விடலாம். ஆக இரண்டு வழி. மூன்றும் இரண்டும் பெருக ஆறு. 12-க்கு ஆறு காரணிகள் என்பது இதனால் விளங்கும்.

இவ்வெளிய அடிப்படையினின்று இராமாநுஜர் கண்ட விதிகள் சில வருமாறு. உயர்பகு எண் ஒன்றில் 2, 3, 5, 7 என்னும் பகா எண்கள் இடையீடின்றி வருதல் வேண்டும். 19-ஐ விடுத்து 23-ஐக் கொண்ட எண் ஒன்று இருப்பின், 23-ஐ நீக்கி 19-ஐ வைத்தால் காரணித்தொகை குறையாமல் எண் சிறிதாகிவிடும் அன்றோ? அங்ஙனமே, சிறிய பகா எண்ணின் அடுக்கு பெரியதன் அடுக்கினும் குறைதல் ஆகாது. இறுதிப் பகா எண் ஒரு முறையே வருதல் வேண்டும். 4, 36 என்னும் இரண்டு மட்டுமே இதற்கு விலக்கு. மேலும், வரிசையில் மேலே செல்லச் செல்ல ஓர் உயர்பகு எண்ணுக்கும் அடுத்ததற்கும் உள்ள விகிதம் ஒன்றினை நெருங்கிக்கொண்டே செல்லும்.

இவ்விதிகளுக்கு இணங்கிய எண்களெல்லாம் உயர்பகு எண்கள் ஆகிவிடா. 2, 3, 5, 7, 11, 13 என்னும் ஆறும் பெருகிய 30030 இவ்விதிகளுக்கு மாறுபட்டதன்று. அதற்கு 64 காரணிகள் உள. ஆயின் அதனினும் சிறிய 27720-க்கு 96 காரணிகள் இருத்தலின் 30030 தோற்றது. ஆகவே ஒவ்வோர் எண்ணையும் அதன் போட்டியாளர் பலரோடு நிறுத்துப் பார்த்தே ஏற்றல் வேண்டும். இராமாநுஜர் மேற்கொண்ட உழைப்பு இத்தகையது.

பதின்மூன்று இலக்கத்துப் பேரெண்

அக்கட்டுரையில் 102 உயர்பகு எண்கள் கொண்ட அட்டவணை ஒன்று உளது. அதன் கடைசியில் நிற்பது 6746328388800. நம் முறையிற் கூறின், ஆறு இலட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே, எண்பத்து மூன்று இலட்சத்து எண்பத்தெண்ணாயிரத்து எண்ணூறு.

இதனைப் பிரித்து நோக்குவோம். இதில் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5-உம் 7-உம் இவ்விரண்டு முறையும், 11, 13, 17, 19, 23 என்பன ஒவ்வொரு முறையும் பெருகியுள்ளன. மேற்கூறிய விதிகள் யாவும் இதன்கண் அமைந்திருத்தலைக் காண்க: இடையீடு இல்லை, அடுக்குகள் படிப்படியாய் இறங்குகின்றன, இறுதிப் பகா எண் ஒரு முறையே வருகின்றது. காரணித்தொகை காண, ஏழு, ஐந்து, மூன்று, மூன்று ஆகியவற்றைப் பெருக்க 315. எஞ்சிய ஐந்து பகா எண்களுக்காக ஐந்து முறை இரட்டிக்க 10080.

பதினாயிரத்து எண்பது காரணிகள்! ஒரு நிமிடத்திற்கு ஒன்றாக இரவும் பகலும் ஓயாது எழுதினால், அவை முடிவதற்குச் சரியாக ஒரு வாரம் ஆகும். வாரம் ஒன்றுக்கு நிமிடங்கள் 10080 அன்றோ? அவ்வெண்ணும் தானே ஓர் உயர்பகு எண் என்பது மற்றோர் அழகு. இப்பேரெண்ணளவு புளியங்கொட்டைகள் நம்மிடம் இருக்குமாயின், ஒருவர் முதல் இருபத்தெண்மர் வரை எத்தனை பேர் வந்தாலும் மிச்சமின்றிப் பங்கிட்டு விடலாம். இருபத்தொன்பதின்மர் வரின் இடர்ப்படுவோம்.

அந்த 29-ஐயும் உள்ளே சேர்த்துவிட்டால் என்ன என அன்பர்கள் வினவலாம். சேர்ப்பின் எண் பெரிதாகிவிடாமல் இருக்க ஏறக்குறைய அவ்வளவு நீக்குதல் வேண்டும். இரண்டு இரண்டுகளையும் ஓர் ஏழையும் நீக்கினால் 28 நீங்கும். அவ்விடத்தில் 29-ஐ வைப்போம். எண் சற்றே பெரிதாகும். ஆயின் காரணிகள் 9600 ஆகக் குறைந்துவிடும். ஆகவே அம்மாற்றம் நட்டமே. இவ்வாறு ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கும் பேரங்கள் பலவற்றையும் சீர்தூக்கி, அவற்றுள் ஒன்றும் இதனை வெல்லாது எனத் தெளிந்த பின்னரே ஓர் எண் வரிசையில் ஏறுகின்றது. இன்றைய கணிப்பொறி இதனைக் கண்ணிமைக்கும் முன் முடிக்கும். 1915-இல் கையும் பென்சிலும் பொறுமையுமே கருவிகள்.

இவ்வாராய்ச்சிக்காகவே 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் இராமாநுஜர்க்கு ஆராய்ச்சியாற் பெறும் பி.ஏ. பட்டம் அளித்தது. எப்.ஏ. தேர்வில் இருமுறை தவறியவர்க்குக் கிடைத்த முதற் பட்டம் அதுவே.

விடுபட்ட எண்

இனி, யாம் இக்கட்டுரையை எழுதப் புகுந்ததற்கு உண்மையான காரணத்தைக் கூறுவோம். அந்த அட்டவணையில் ஒரு பிழை உண்டு.

240940299600 என்னும் எண் அதில் உளது. அதற்குக் காரணிகள் 4800. அதனை அடுத்து 321253732800 உளது. அதற்குக் காரணிகள் 5376. இவ்விரண்டிற்கும் இடையே, 5040 காரணிகளோடு, 293318625600 என்னும் எண் நின்றிருத்தல் வேண்டும். இராமாநுஜர் அதனை விட்டுவிட்டார். பின்வந்தோர் அட்டவணையைச் சரிபார்த்தபோது இது வெளிப்பட்டது. 102 என்றிருந்த தொகை 103 ஆதல் வேண்டும்.

விடுபட்ட அவ்வெண் யாது? அதில் 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5-உம் 7-உம் இவ்விரண்டு முறை, 11, 13, 17, 19 ஒவ்வொரு முறை. இதனை 23-ஆல் பெருக்கினால் வருவது, அட்டவணையின் முடிவில் அவர் தம் கையால் எழுதிய அப்பேரெண்ணே! தலைமகனை வாயிலில் நிறுத்தி வரவேற்றவர், அவனோடு உடன்பிறந்தானைக் கூட்டத்திடையே காணாது விட்டார் என்னலாம். அவன் கொண்ட காரணித்தொகையோ பிளேட்டோ பாராட்டிய 5040.

இப்பிழையை இராமாநுஜர்க்கு இழுக்கென யாம் கூறவில்லை. நூற்றுமூன்றில் நூற்றிரண்டைத் தவறாது கண்டமை எளிதன்று. ஆயின் இப்பிழை எமக்கு ஓர் உண்மையை உணர்த்துகின்றது. முடிவுகள் யாவும் உழைப்பின்றி உள்ளத்தில் தோன்றியிருப்பின், வரிசையின் நடுவே ஒன்று மட்டும் விடுபட்டிருத்தல் எங்ஙனம்? விடுபடுதல், தேடுவோர்க்கு நிகழ்வது. ஒவ்வொன்றாய் எடுத்து நிறுத்துப் பார்ப்போர்க்கு நிகழ்வது. நாமகிரித் தாயாரிடம் அவர் கொண்ட பக்தி மெய்யானது. அதனை மறுப்பார் இலர். அப்பக்தியோடு ஒழியாத உழைப்பும் உடனிருந்தது என்பதற்கு விடுபட்ட இவ்வெண் ஒரு சான்று. அன்று எம் திண்ணையில் கேள்வி கேட்ட சிறுவனுக்கு யாம் முதலிற் கூற வேண்டியிருந்த விடை இதுவே.

மற்றொரு செய்தியும் உண்டு. போர்க்காலத்தில் இலண்டன் கணிதக் கழகம் பொருள் முட்டுப்பாட்டில் இருந்தமையால், கட்டுரையின் ஒரு பகுதி அச்சேறாமலே நின்றது. கும்பகோணத்தில் காகிதம் வாங்கப் பொருளின்றிக் கற்பலகையில் எழுதியவர்க்கு, இலண்டனிலும் அச்சுச் செலவே தடையாயிற்று. அப்பகுதி 1997-இல், நிக்கோலா, ரொபான் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவரது முயற்சியால், அவர் பெயர் தாங்கிய இதழிலேயே வெளிவந்தது. இத்துறை கணிதத்தின் பெருவெள்ளத்தினின்று ஒதுங்கிய உப்பங்கழி போன்றது என ஹார்டி கருதினார். அவ்வாறு கருதினும், அதன்கண் இராமாநுஜர் காட்டிய ஆற்றலை அவர் பெரிதும் மதித்தார். ஆயின் ரொபான் 1984-இல், காரணிகளின் கூட்டுத்தொகை பற்றிய ஓர் எல்லை 5040-க்கு மேற்பட்ட எல்லா எண்களுக்கும் பொருந்துமாயின், இன்றளவும் தீராத ரீமான் கருதுகோளும் மெய்யாகும் என்றும், அது மெய்யாயின் இதுவும் பொருந்தும் என்றும் நிறுவினார். உப்பங்கழி எனப்பட்டது கடலோடு கலந்திருத்தல் இதனால் தெளிவாயிற்று.

நோயும் மீட்சியும்

1917-இல் இராமாநுஜர் நோயுற்றார். குளிரும், போர்க்காலத்தில் மரக்கறி உணவு கிடைத்தற்கு இருந்த அருமையும், ஓய்வறியா உழைப்பும் அவர் உடலை வாட்டின. அக்காலத்து மருத்துவர் காசநோய் எனக் கருதினர். ஈரலைப் பற்றிய அமீபா நோயாக இருக்கலாம் என்று பிற்காலத்து ஆராய்ந்தோர் கூறுவர். ஆயினும் 1918-இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினராகவும், அதே ஆண்டில் டிரினிடி கல்லூரியின் பெல்லோவாகவும் தேர்ந்தெடுக்கப்பெற்றார். அக்கல்லூரியில் அப்பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே.

இலண்டனை அடுத்த பட்னியில் நோய்ப்படுக்கையில் இருந்தபோது நிகழ்ந்ததே 1729-இன் கதை. தாம் ஏறி வந்த வாடகை வண்டியின் எண்ணில் சிறப்பொன்றும் இல்லை என ஹார்டி கூற, இரண்டு கன எண்களின் கூட்டாக இரு வகையில் எழுதக்கூடிய எண்களுள் மிகச் சிறியது அதுவே என இராமாநுஜர் விடையளித்தார். பன்னிரண்டின் கனமும் ஒன்றின் கனமும், பத்தின் கனமும் ஒன்பதின் கனமும் அவ்வெண்ணைத் தருவன. அவ்விடை நொடியிற் பிறந்ததன்று. பல ஆண்டுகள் எண்களோடு உறவாடியதன் பயனாய் முன்னமே அவர் குறிப்பில் இருந்தது. இதனையும் அச்சிறுவனுக்குக் கூற விரும்புகின்றோம்.

1919 மார்ச்சு இறுதியில் பம்பாயில் இறங்கி, ஏப்ரல் தொடக்கத்தில் சென்னை சேர்ந்தார். காவிரிக்கரையிலுள்ள கொடுமுடியிலும் பின்னர்க் கும்பகோணத்திலும் தங்கினார். நோய் தணியாமையால் 1920 ஜனவரியில் மருத்துவத்தின் பொருட்டு மீண்டும் சென்னைக்குக் கொணர்ந்தனர். அத்திங்களிலேயே ஹார்டிக்கு விடுத்த இறுதிக் கடிதத்தில், போலித் தீட்டாச் சார்புகள் எனப்படும் புதியவற்றை அறிவித்தார். படுக்கையில் கிடந்தும் பலகை கேட்டு வாங்கிக் கணித்து வந்தார். 1920 ஏப்ரல் 26-ஆம் நாள், சேத்துப்பட்டில், முப்பத்திரண்டாம் வயதில் அவ்வுயிர் பிரிந்தது. அவர் இறுதி ஆண்டின் தாள்கள் 1976-இல் டிரினிடி கல்லூரி நூலகத்தில் ஆண்டுரூஸ் என்னும் அமெரிக்க அறிஞரால் கண்டெடுக்கப்பெற்றன. துணைவியார் ஜானகி அம்மாள் கைம்மை வாழ்வில் எழுபத்துநான்கு ஆண்டுகள் கழித்து 1994-இல் சென்னையில் காலமானார்.

முடிவுரை

இன்னும் ஒன்று கூறி முடிப்போம். நாடு திரும்புமுன், சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டொன்றுக்கு 250 பவுன் உதவித்தொகை அளிப்பதாய் அறிவித்தது. 1919 ஜனவரியில், நோய்ப்படுக்கையில் இருந்தவாறே, பல்கலைக்கழகத்திற்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். அத்தொகை தமக்கு வேண்டியதினும் மிகுதி என்றும், தம் பெற்றோர்க்கும் தம் இன்றியமையாத செலவுக்கும் போக எஞ்சியதை ஏழைப் பிள்ளைகளும் ஆதரவற்ற பிள்ளைகளும் பள்ளிச் சம்பளம் குறையப் பெறுதற்கும் புத்தகம் பெறுதற்கும் செலவிட வேண்டும் என்றும் அதில் வேண்டியிருந்தார். உதவிச் சம்பளம் இழந்து ஊரை விட்டோடியவர் அன்றோ? அவ்விழப்பு எத்தகையது என்பதை அவர் மறந்தாரிலர். மிகப் பலர்க்குப் பங்கிடத்தக்க எண்களைத் தேடிக் கண்டவர், தமக்கு வந்த பொருளையும் பங்கிடவே நினைந்தார்.

அன்பர்காள், நம் மாணவர்கள் மதிப்பெண் குறைந்தவழி தம்மைத் தாமே வகுபடா எண்ணாகக் கருதி ஒதுங்கிவிடுகின்றனர். ஒரு பாடத்தில் தவறிய இளைஞர் ஒருவரை அந்நாளைய முறை ஏறக்குறைய இழந்தே விட்டது. திருக்கோவலூரிலும், நெல்லூரிலும், துறைமுகத்திலும், கல்லூரிகளிலும் இருந்த சிலர் குறிப்பேட்டைத் திறந்து பார்த்தமையால் அவ்விழப்பு நேராது காத்தனர். அச்சிலர் அன்றிருந்ததுபோல் இன்றும் வேண்டும். மாணவர்க்கு யாம் கூறுவது, நூற்றிரண்டை எழுதியவரும் ஒன்றை விட்டார்; விட்டமையால் அவர் எழுதியது வீணாகவில்லை என்பதே.

எம் திண்ணையிற் கேட்ட அச்சிறுவன் பள்ளிக்கு மீண்டும் சென்று வருகின்றான். சென்ற வாரம் ஒரு மாலையில், 720-க்குக் காரணிகள் எத்தனை எனத் தானே எண்ணி, முப்பது என எழுதிக் கொணர்ந்தான். விடை சரியே. அதற்குக் கீழே, ஒருமுறை தவறாக எழுதி அடித்திருந்த இருபத்தெட்டு என்னும் எண்ணையும் யாம் கண்டோம். அதனை அழிக்க வேண்டாம் எனக் கூறினோம்.